செவலை குடிக்காத தாழி

தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவர்களே, சங்கக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் வலி பேசுகிறவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சின்னவர்களிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. "செரிங்கம்மா, செரிங்கம்மா" என்று தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்க்கிறார்கள்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். இன்றைக்கு சோமனூரில் என் குடோன் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஒருத்தர் கைத்தாங்கலும் இல்லாமல் வந்தேன். இதை எழுதிப் பேத்தியிடம் கொடுத்தேன், எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அந்தப் பேத்தியால்தான் இந்தப் பேச்சே வந்தது. ஊருக்கு வெளியே கைவிட்ட குதிரைகளுக்கு ஒரு காப்பகம் நடத்துகிறார்கள். பங்குனி பிறந்தால் அவளும் அவளோடு படிக்கிற காலேஜ் பிள்ளைகளும் அங்கே போய்ச் சாணி அள்ளுகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே தண்ணித் தொட்டி நான் கட்டிக் கொடுத்தது. திறப்பு விழாவில் மைக்கைக் கொடுத்தார்கள். குதிரைக்குத் தண்ணீர் எப்படி வைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் போகவில்லை, "ரொம்ப நன்றிங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் இதே பேச்சை இதே மாதிரி ஒருவர் என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு போனது எனக்கு இரண்டாம் தடவை.

முதல் தடவை நடந்தபோது நான் ஐந்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தேன். நாங்கள் கோயமுத்தூரில் ஒரு மில்லின் லைன் வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு அந்த மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமன், எங்களோடு இருந்தார். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டினார். அவர் குதிரை ஒரு செவலைப் பெட்டை. திருநீற்றுக் கையால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தது போல நெற்றியில் வெள்ளைக் கோடு. அது வருகிற சத்தத்தை வைத்தே அம்மா அடுப்பில் குழம்பைச் சுட வைப்பார். வண்டிக்குள் வைக்கோல், அதன்மேல் சாக்கு, அந்தச் சாக்கில் கொள்ளும் வியர்வையும் பீடியும் கலந்து ஒரு வாசம். இன்றைக்கு என் காரில் ஏசி போட்டால் பூ வாசம் வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆட்டோ வந்தது. அதற்கப்புறம் ஜட்காவில் ஏறியவர்கள் வயசான மாமியார்களும், கோழிக் கூடை கொண்டுபோகிறவர்களும்தான். ஸ்டேஷன் வண்டிக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் குதிரையை அவிழ்த்து ரோட்டில் விட்டார்கள். அதைப் பார்த்து மனசு தாங்காமல்தான் எங்கள் மில்காரர் வீட்டு அம்மா, லைனில் எல்லோரும் மில்லம்மா என்போம், தங்கள் பண்ணையில் ஒரு ஓரத்தில் குதிரைச்சாலை ஆரம்பித்தார். லீவு விட்டதும் லைன் பிள்ளைகள் சேவைக்கு வரலாம், மத்தியானம் சாப்பாடு உண்டு என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷி. அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் கிடையாது. வண்டி நுகம் தேய்த்த கழுத்துப் புண்ணுக்கு அவரே குனிந்து வேப்பெண்ணெய் போடுவார், பட்டுச் சேலையில் ஒட்டினாலும் பார்க்க மாட்டார். குதிரைகளிடம் தெலுங்கில் பேசுவார்.

ஆனால் ஒரு சட்டம் வைத்தார். வண்டிக்காரர் யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. அடித்தவர்கள் அவர்கள்தானே என்பது அவர் கணக்கு.

மாமனுக்குச் சோமனூரில் ஒரு தறிக்காரர் வேலை சொல்லியிருந்தார். நூல் மூட்டையை ஸ்டேஷனிலிருந்து குடோன் குடோனாக இழுக்க வண்டி வேண்டும். ஆனால் அங்கே குதிரை கட்ட இடம் கிடைக்கவில்லை. இடம் பிடிக்கும்வரை செவலையை எங்காவது நிறுத்த வேண்டும். குதிரைச்சாலைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். மில்லம்மாவே கேட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க, எத்தனை நாளா ஓட்டறீங்க?"

"குட்டியா இருந்தப்ப இருந்துங்கம்மா."

"சாட்டையில அடிப்பீங்களா?"

மாமனுக்குப் பொய் வராது. "எப்பவாச்சுமுங்கம்மா."

மில்லம்மா கண்ணை மூடித் திறந்தார். "இனி அதுக்கு அடி இல்லீங்க. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

"நல்லாப் பாத்துக்குங்கம்மா" என்று மாமன் கயிற்றைக் கொடுத்தார். நான் திரும்பி வருகிறவரைக்கும் பாருங்கள் என்பது அவர் சொன்னது. இனி உங்களுடையது என்பது அந்த அம்மா வாங்கிக்கொண்டது. நடுவில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் முடிந்தது. திரும்பி வருகிற வழியில் நான் கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்ல வேண்டியதுதானே மாமா?"

"கொடுக்கறப்பவே திருப்பிக் கேப்பேன்னு சொன்னா மருவாதியா இருக்குமா கண்ணு? எடம் கெடைச்சதும் வந்து பணிவாக் கேட்டுக்கலாம். அதுவரைக்கும் செவல உம் பொறுப்பு. நூல் வண்டி அதை நம்பித்தான் இருக்குது. தெரியுதா அம்மணி?"

தெரிந்தது. எனக்கு அந்த வயதில் யாரும் எதையும் பொறுப்பு என்று கொடுத்ததில்லை.

குதிரைச்சாலையைப் பார்த்துக்கொண்டது பண்ணைக்காரர். மில்காரர் வீட்டு மாடுகளுக்கெல்லாம் அவர்தான். காங்கேயம் காளையைத் தூரத்தில் பார்த்தே பல் சொல்லுவார், வயிற்று உப்புசத்தைக் காதைத் தொட்டே கண்டுபிடிப்பார். சந்தையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அத்தனை பெரிய மாட்டு வித்தைக்காரரைக் கொண்டுவந்து குதிரைக்கு வைத்தார்கள். நம் ஊரில் மாடு தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. குதிரை என்றால் கொம்பில்லாத மாடு, கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

"அசை போடாத சீவனை நம்பக் கூடாதுங்க" என்பார். "தின்னதைத் திரும்பி நெனச்சுப் பாக்காத சாதி."

காலையில் நாங்கள் லத்தி அள்ளுவோம். பண்ணைக்காரர் அதில் வறட்டி தட்டச் சொன்னார். மாட்டுச் சாணி கையில் ஒட்டும், சுவரில் ஒட்டும். குதிரை லத்தி உருண்டை உருண்டையாக, உள்ளே அரைத்த வைக்கோல். அதை மிதித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, சுவரில் அறைந்தோம். பொழுதோடு பார்த்தால் அத்தனையும் கீழே உதிர்ந்து கிடந்தது. பண்ணைக்காரர் எங்களைப் பார்த்து, "இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஒரு வறட்டி தட்டத் தெரியலை" என்றார். மறுநாளும் தட்டச் சொன்னார். அதற்கு மறுநாளும். சுவர் பூராவும் பச்சைக் கறை, கீழே தூள். நாங்கள் கெட்ட பெயர் வாங்கினோம்.

செவலைக்கு மாமன் ஒரு சாக்குப் பை தைத்து வைத்திருந்தார். அதில் ஊறவைத்த கொள்ளைப் போட்டுக் காதில் மாட்டினால் மூக்கை உள்ளே விட்டுத் தின்னும். ஸ்டேஷனில் நின்றே தின்று பழகியது. மாமன் அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முதல் நாள் நான் அதை மாட்டிவிட்டேன். பண்ணைக்காரர் பார்த்து, "இது வாய்க்கூடு அல்ல? போரடிக்கிறப்பக் காளைக்குப் போடறது" என்றார். மில்லம்மா ஓடிவந்து அதைக் கழற்றினார். "சாப்பிட விடாம வாயைக் கட்டி வச்சிருந்தாங்களா? பாவம், பாவம்." நான் உள்ளே கொள்ளு இருக்கிறது என்று சொல்லச் சொல்ல, பை வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. சணல் எரிகிற வாசமும் கொள்ளு வறுபடுகிற வாசமும் சேர்ந்து வந்தது. செவலை மூக்கைத் தூக்கி அந்தப் புகையை மோந்துகொண்டு நின்றது.

தீனி போனால் போகிறது, பழகிக்கொண்டது. தண்ணீர்தான் விஷயம்.

மாட்டுக்குத் தண்ணி காட்டுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாழியில் கழனித் தண்ணீர், அதில் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை ஆட்டிய பால், ஒரு கை உப்பு. முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கி வைத்தால் மாடு மூக்கு முங்க உறிஞ்சும். பண்ணைக்காரர் அதையேதான் குதிரைகளுக்கும் வைத்தார். பண்ணைக் கிணறு உப்பு. உப்புத் தெரியாமல் இருக்க இன்னும் கொஞ்சம் தவிடு. சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் அது புளித்து நுரை கட்டும். வயசான குதிரைகள் வேறு வழியில்லாமல் மேலாக நக்கிக் குடித்தன. செவலை தாழிக்குப் பக்கத்தில் வரும், மோந்து பார்க்கும், உதட்டை மேலே சுருட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

"திமிரு" என்றார் பண்ணைக்காரர். "தாகம் எடுத்தாத் தானா வாயை வெக்கும்."

எனக்கு அது என்ன குடிக்கும் என்று தெரியும். ஸ்டேஷன் வாசலில் ஒரு குழாய் உண்டு. அதில் வந்தது சிறுவாணித் தண்ணீர். செவலை பிறந்ததிலிருந்து அதைத்தான் குடித்தது. நம் ஊர்க்காரர்கள் வெளியூர் போனால் தண்ணீரை ஒரு வாய் வைத்துவிட்டு மூஞ்சியைச் சுளிப்போமே, அந்தச் சுளிப்புதான் செவலைக்கும். லைன் குழாயிலும் சிறுவாணிதான், காலையில் கொஞ்ச நேரம் வரும். அம்மா பிடித்து வைத்த குடத்தில் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வாளியில் ஊற்றி வைத்தேன். செவலை மோந்தது. அப்புறம் வாயை வைத்தது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் காது இரண்டும் முன்னும் பின்னுமாக ஆடும். வாளி காலியானதும் அடியை நக்கிற்று. தாடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் பாதத்தில் விழுந்தது.

அன்றிலிருந்து தினமும் குடம் சுமந்தேன். அம்மா திட்டினார். "மனுசருக்கே குடத்துக்கு அடிதடி, நீ குதிரைக்குச் சொமக்கறியா?" பக்கத்து வீட்டு அக்கா, "உங்க புள்ளை குதிரைக்கு வாக்கப்படப் போறா" என்றார். நான் விடவில்லை. அப்போதே அப்படித்தான் நான்.

ஆனால் ஒரு குடம் ஒரு குதிரைக்குப் போதாது. மில்லம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அம்மாங்க, செவலை கழனித் தண்ணி குடிக்கறதில்லீங்க. வெறுந்தண்ணி வெச்சாக் குடிக்குதுங்க. நான் பாத்தேனுங்க."

அவர் என் தாடையைப் பிடித்தார். "அப்படியா கண்ணு? செரி, சொல்லிடறேன்."

எனக்கு முன்னாலேயே பண்ணைக்காரரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, கொஞ்சம் வெறுந்தண்ணியும் வெச்சுப் பாக்கலாமுங்களா?"

"வெச்சறலாமுங்கம்மா."

வைக்கவில்லை. மறுநாள் நான் நினைவுபடுத்தினேன். "செய்யலாம் அம்மணி" என்றார், சிரித்த முகமாக. அதற்கு மறுநாளும் அதே சிரிப்பு. நம் ஊரின் கேடே இது. ஒருத்தரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கு அது கை வந்த கலை. சரி என்று சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? மில்லம்மா சொல்லிவிட்டேன் என்று நினைத்தார். பண்ணைக்காரர் பெரியவர்களை மறுத்துப் பேசவில்லை என்று நினைத்தார். எல்லோருக்கும் திருப்தி. தாழியில் மட்டும் புளித்த கழனி.

அப்போது அவிநாசித் தேர் வந்தது. தேர் நோம்பிக்கு எங்கள் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் அவிநாசியில் கூடுவார்கள். நான் வரவில்லை என்றேன். அம்மா முதுகில் ஒன்று வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். போகிறதுக்கு முன்னால் மில்லம்மாவிடம் ஓடினேன். "போயிட்டு வா கண்ணு, நாங்க பாத்துக்கறோம்." பண்ணைக்காரரிடம் ஓடினேன். "வெறுந்தண்ணிதானே? செரிங்க அம்மணி." அம்மணிக்கு 'ங்க' வேறு போட்டார். அவ்வளவு மரியாதையாக அவர் சொன்னபோதே வைக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தேர் அந்த வருடம் ரொம்ப மெதுவாக நகர்ந்தது. வடம் பிடித்தார்கள், நின்றார்கள், மோர் குடித்தார்கள், மறுபடி பிடித்தார்கள். எங்கே பார்த்தாலும் தண்ணீர்ப் பந்தல். பானகம், நீர்மோர், வெல்லத் தண்ணீர், வேண்டாம் என்றாலும் விடாமல் கையில் திணிக்கிறார்கள். நான் வாங்கி வாங்கி அம்மா கையில் கொடுத்தேன். "சாமி தேர் முன்னால நின்னுக்கிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கறா பாரு" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். கும்பலில் மாமன் வந்தார். சோமனூரிலிருந்து நேராக. புதுச் சட்டை. முகம் பூராவும் சிரிப்பு.

"எடம் கெடைச்சிருச்சு கண்ணு. ஓட்டுக் கொட்டாய். நாளைக்கே வந்து செவலையக் கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் மாமன், அம்மா, நான் மூன்று பேரும் பஸ் இறங்கி நேராகக் குதிரைச்சாலைக்குப் போனோம். மாமனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே ஓடினேன்.

செவலை கீழே கிடந்தது. புரண்டு புரண்டு முதுகை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தது. கழுத்து நனைந்திருந்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது.

பண்ணைக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "காலையில இருந்து சொகமாப் படுத்துப் பொரளுது அம்மணி. மாடு படுத்தா ஊட்டுக்கு நல்லதுன்னு தெரியாதா?"

மாடு படுக்கும். வயிறு நிறைந்தால் படுத்து அசை போடும், அது நல்ல அடையாளம். குதிரை அப்படிப் படுக்காது என்று எனக்குத் தெரியும், செவலைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய மாமன் சொல்லியிருக்கிறார், அது நின்றபடிதான் கண்ணயரும் என்று. நான் கத்தின கத்தலில் மில்லம்மா வந்துவிட்டார். வந்ததும் அவருக்கே தெரிந்தது, இது சுகம் இல்லை என்று. அழுதார். மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினார், அவர் தேருக்குப் போயிருந்தார். பண்ணைக்காரர் மூங்கில் குழாயில் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். மாட்டுக்கு நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து ஊற்றுவது போல இரண்டு பேர் தலையைப் பிடிக்க ஊற்றினார். பாதி வெளியே வந்தது. செவலை இருமிற்று. அந்த இருமல் மனுஷ இருமல் மாதிரி இருந்தது.

நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன்.

மாமன் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கிளுவை வேலியில் ஒரு குச்சியை ஒடித்தார். செவலையின் பின்புறத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். "எந்திரி. எந்திரிடி செவல. ஹை." இன்னொன்று. மில்லம்மா, "ஐயோ, அடிக்காதீங்க, அடிக்காதீங்க" என்று கையைப் பிசைந்தார். மாமன் காதில் வாங்கவில்லை. வயிறு கட்டிய குதிரை புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், எழுப்பி நடத்தியே ஆக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது அடியில் செவலை முன்னங்காலை ஊன்றி எழுந்தது. கயிற்றைப் பிடித்து நடத்தினார். அது மறுபடி படுக்கப் பார்த்தது, மறுபடி அடித்தார். வெறுந்தண்ணீர் கேட்டார். நான் லைனுக்கு ஓடி ஓடிக் குடம் கொண்டுவந்தேன். கொஞ்சம் குடிக்கும், நடக்கும், நிற்கும், வயிற்றில் தடவுவார், நடக்கும். பொழுது இறங்குகிற நேரத்தில் வாலைத் தூக்கி, கல்லு மாதிரி இரண்டு உருண்டை லத்தி போட்டது. அப்புறம் இன்னும் கொஞ்சம். மாமன் கயிற்றைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். புதுச் சட்டை பூராவும் நுரை. செவலை குனிந்து அவர் தலையை மோந்தது.

பிழைத்துக்கொண்டது. எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் இன்றைக்கும் செரிக்கவில்லை.

மில்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பண்ணைக்காரரைப் பார்த்துச் சொன்னார். "எண்ணெய் வேலை செஞ்சிருச்சுங்க."

"எத்தனை மாட்டுக்கு ஊத்தியிருக்கறேனுங்கம்மா" என்றார் அவர்.

பிறகு மாமனிடம் வந்தார். மாமன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"உங்க மேல கோவம் இல்லீங்க. நீங்க அப்படியே பழகிட்டீங்க. ஆனா உசுருக்குப் போராடற சீவனை நீங்க அடிச்சதை நான் கண்ணால பாத்துட்டேன். மறுபடி உங்ககிட்ட அனுப்ப எனக்கு மனசு வரலீங்க. இங்கயே நல்லா இருக்கட்டும். ஏனுங்க?"

மாமன் வாயைத் திறந்தார். கொட்டாய் கிடைத்துவிட்டது, நூல் வண்டிக்கு ஆள் காத்திருக்கிறது, கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்று அத்தனையும் அவர் நாக்கில் வந்து நின்றதை நான் பார்த்தேன். செவலையைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார்.

"செரிங்கம்மா" என்றார்.

நான் நடுவில் போய் நின்றேன். "செரியில்லீங்க. அது எங்க மாமன் குதிரைங்க. கூட்டிட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்காரு. கழனித் தண்ணி வெச்சு நீங்கதான் இப்படிப் பண்ணிப்போட்டீங்க. நாங்க குடுக்க முடியாதுங்க."

அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கறுத்துக் கிடந்தது. மில்லம்மா கொடுத்த லைன் வீட்டில் இருந்துகொண்டு, மில்லம்மா மில்லில் வேலை பார்த்துக்கொண்டு, இப்படி ஒரு பிள்ளையா என்று அம்மாவுக்கு. மில்லம்மா திட்டவில்லை. சிரித்தார். "சின்னப் புள்ளை. வெயில்ல அலைஞ்சிருக்குது. ரெண்டு நாளைக்கு ஊட்ல இருக்கட்டும்." இரண்டு நாள் கழித்துப் போனேன். கேட்டில் இருந்தவர், "அம்மா அப்பறமா வரச் சொன்னாங்க அம்மணி" என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

மாமன் கேட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். வாரம் ஒரு தடவை சோமனூரிலிருந்து வருவார், கேட்டில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். "அடுத்த வாரம் பாக்கலாமுங்க" என்பார்கள். "செரிங்க" என்பார். நூல் மூட்டையைச் சைக்கிளில் கட்டித் தள்ள ஆரம்பித்தார். கடைசி வரைக்கும் சைக்கிள்தான். முதுகு வளைந்தது அதில்தான்.

நான் கிளுவை வேலிக்கு வெளியே போய் நிற்பேன். ஒரு இடத்தில் இடைவெளி உண்டு. விசில் அடித்தால் செவலை வரும். கையைக் குவித்துச் சிறுவாணித் தண்ணீர் ஊற்றினால் வேலிக்கு இந்தப் பக்கம் மூக்கை நீட்டிக் குடிக்கும். முள் கீறும், அதற்கும் எனக்கும். பண்ணைக்காரர் ஒரு நாள் பார்த்தார். "ஏன் அம்மணி, தண்ணியா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். விரட்டவில்லை. தாழியையும் மாற்றவில்லை.

ஆனியில் காற்று திரும்பியபோது குதிரைச்சாலையை உடுமலைப்பேட்டைப் பக்கம் அவர்கள் தென்னந்தோப்புக்கு மாற்றினார்கள். லாரியில் ஏற்றினபோது நான் தறியில் இருந்தேன். ஆமாம், பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக மாமனோடு சோமனூருக்குப் போய் நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டேன். மூட்டை இழுக்க வண்டி இல்லாதபோது வீட்டில் இன்னொரு கை வேண்டியிருந்தது. உடுமலையிலிருந்து வந்தவர்களை எல்லாம் கேட்டேன், செவலை எப்படி இருக்கிறது, தண்ணீர் என்ன வைக்கிறார்கள் என்று. எல்லோரும் ஒரே பதில்தான். "நல்லா இருக்குதுங்க." பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள், பார்க்காதவர்களும் அதையே சொன்னார்கள்.

மாமன் போய்ச் சேர்கிறதுக்குக் கொஞ்ச காலம் முன்னால் கேட்டேன். அப்போது எனக்குச் சொந்தத் தறி வந்துவிட்டது.

"அன்னைக்கு ஏன் மாமா செரின்னீங்க?"

"அத்தனை பெரிய மனுசி, என்னையப் போயி 'ஏனுங்க'ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல என்னத்தச் சொல்லறது கண்ணு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தறியை நிறுத்திவிட்டு வெளியே போனேன். உங்களுக்கெல்லாம் தெரியும், நான் யாருக்கும் சரி என்று எளிதில் சொல்லாதவள். நூல்காரர் விலை சொன்னால் முடியாது என்பேன். சங்கத்தில் தீர்மானம் படித்தால் முடியாது என்பேன். திமிர் பிடித்தவள் என்று நீங்கள் பின்னால் பேசுவதும் எனக்குத் தெரியும். பேசுங்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லித்தான் நான் இத்தனையும் சம்பாதித்தேன்.

போன பங்குனியில் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணம். தொட்டித் திறப்பு விழா முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, மனசு கொதித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்டுவிட்டு டிரைவரிடம் அமராவதி ரோட்டில் விடச் சொன்னேன். விசாரித்து விசாரித்து அந்தத் தோப்பைக் கண்டுபிடித்தேன். மில்காரர் குடும்பம் எப்போதோ விற்றுவிட்டது. ஒரு நடுவயதுக்காரர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கிற சமாச்சாரம் நடந்தபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார்.

"ஏனுங்க, இங்க முன்னால குதிரைக கட்டியிருந்தாங்களா?"

"ஆமாங்கம்மா, கட்டியிருந்தாங்க."

"அதுல ஒரு செவலைங்க. பெட்டை. நெத்தியில வெள்ளைக் கோடு."

அவர் என் காரைப் பார்த்தார். என் நரைத்த தலையைப் பார்த்தார். கொடுவாளைக் கீழே வைத்தார்.

"இருக்குதுங்களே" என்றார்.

"இல்லீங்க, நான் சொல்றது நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப."

"அதேதானுங்கம்மா. நல்லா இருக்குது. மேச்சலுக்குப் போயிருக்குது, அக்கட்டால வாய்க்கா மேட்டுல. சித்த நேரத்துல வந்துரும்." நார்க்கட்டிலை இழுத்துத் தென்னை நிழலில் போட்டார், துண்டால் தட்டிவிட்டார். "அத்தனை தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க. உக்காருங்க, எளநி வெட்டறேன்."

எந்தக் குதிரையும் இத்தனை வருஷம் உசுரோடு இருக்காது என்று சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. வாய்க்கால் மேட்டை ஒரு தடவை பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன்.